குளத்தூரில் பூட்டியிருந்த வீடு

பாஸ்ட் பர்ஃபெக்ட் டென்ஸை என்னைப் போல நடத்த எங்கள் பள்ளியில் ஆள் கிடையாது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அன்னவாசல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் நான். பிள்ளைகளுக்கு 'ஹேட்' (had) என்ற சொல் கிடைத்துவிட்டால் போதும், பார்க்கிற வாக்கியத்தில் எல்லாம் தூவிவிடுவார்கள். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னால் அது தேவையில்லை. பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, அதற்கு முன்பே முடிந்துபோன ஒன்றைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் அது வேண்டும்.

இது என் தோழிக்கு விளங்கவில்லை. அவளும் எங்கள் பள்ளியில்தான் இங்கிலீஷ் எடுக்கிறாள். ஒரே வேனில் போவோம், ஒரே டிபன் பாக்ஸில் கை வைப்போம். அந்த வருடம் புதிதாக அவளுக்கு எட்டாம் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள்.

"மண்டைல ஏறவே மாட்டேங்குதுடி. நாளைக்குப் பிள்ளைங்க முன்னாடி அசிங்கப்படப் போறேன்" என்று கண் கலங்கினாள். புத்தகத்தில் இருக்கிற ரயில் உதாரணத்தை எத்தனை முறை சொல்லியும் பலனில்லை. மனசு கேட்காமல் என் சொந்தக் கதையை எடுத்தேன்.

குளத்தூரில் எனக்கு ஒரு மாப்பிள்ளை பேசினார்கள். வீடு பார்க்க அப்பா, அம்மா, மாமா மூன்று பேரும் பழத்தட்டோடு கார் பிடித்துப் போனார்கள். அங்கே சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்பது எங்கள் பக்க வழக்கம். போய் இறங்கினால் கதவில் பூட்டு. மாப்பிள்ளை வீட்டார் வேறொரு பெண்ணுக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ணப் போயிருந்தார்கள். எதிர் வீட்டு அம்மாதான் தண்ணீர் கொடுத்து விஷயத்தைச் சொன்னாராம்.

பொய் பேசத் தெரியாத அப்பா, அன்றைக்கு எங்கள் தெரு டீக்கடையில் முதல் பொய்யைச் சொன்னார். "எடம் சரிப்படலைங்க, நாங்கதான் வேணாம்னுட்டோம்." அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவர் தலை நிமிர்ந்து நடந்தார். அடுத்து வந்த வரன்களிடமும் அதையே சொன்னோம்.

தோழி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா போனது அப்புறம், அவங்க பூட்டுனது முன்னாடி. அப்ப பூட்டுனதுக்குத்தான் ஹேட் வரும்!" என்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்ட மடச்சி நான்.

அரையாண்டு லீவில் அவள் செல்போனில் இங்கிலீஷ் பாடம் எடுத்து யூடியூபில் போட ஆரம்பித்தாள். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அதை அனுப்பி வைத்தது நான்தான்.

ஒரு சனிக்கிழமை புது வீடியோ வந்தது. பெண் வீட்டார் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள் என்று போர்டில் இங்கிலீஷில் எழுதியிருந்தாள். "இது நெஜமாவே நடந்தது ஃப்ரெண்ட்ஸ்" என்று தமிழில் விளக்க ஆரம்பித்தாள். குளத்தூரைச் சொன்னாள், பழத்தட்டைச் சொன்னாள், எதிர் வீட்டுத் தண்ணீரைக்கூட விடவில்லை. சொல்லிவிட்டு, "பாவம்ல?" என்று சிரித்தாள்.

உடனே போன் செய்தேன்.

"பேரையா சொன்னேன்? பிள்ளைங்களுக்கு டக்குனு புரியுதுன்னு எத்தனை பேரு பாராட்டுறாங்க தெரியுமா?" என்றாள். குரலில் ஒரு குற்ற உணர்வும் இல்லை, வருத்தம்தான் இருந்தது. பாராட்டாமல் சண்டைக்கு வருகிறேனே என்ற வருத்தம்.

"எங்கப்பா பாத்தா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"அவருக்கு இங்கிலீஷ் தெரியாதேடி."

வீடியோவை நீக்கிவிடுகிறேன் என்று சொல்லித்தான் போனை வைத்தாள். பேர் சொல்லவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நானும் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தேன். நீக்கவில்லை. கீழே இருந்த கமென்ட்டுகளைப் படித்தேன். "அந்தப் பொண்ணுக்கு அப்புறம் கல்யாணம் ஆச்சா மேடம்?" என்று யாரோ கேட்டிருந்தார்கள். அவள் பதில் போட்டிருந்தாள்: "இன்னும் அமையலைங்க. எங்க ஸ்கூல்ல என்கூடத்தான் இங்கிலீஷ் எடுக்குறாங்க. அவங்களுக்காக வேண்டிக்கோங்க." பக்கத்தில் கும்பிடும் கை. அதற்குக் கீழே ஒரு அழுகைப் பொம்மை. போட்டிருந்தவர் எங்கள் தெரு டீக்கடைக்காரர்.

எதிரி செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இவளோ எனக்காக ஊரையே வேண்டிக்கொள்ளச் சொல்கிறாள்.

அப்பா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "டீ குடிச்சிட்டு வாரேன்த்தா. வடை வாங்கியாரவா?"

"இன்னைக்கு நான் டீ போட்டுத் தாரேன்ப்பா. இங்கிட்டே குடிங்க."

"அங்கிட்டுப் போயி நாலு பேருகிட்டப் பேசுனாத்தான் எனக்குப் பொழுது போகும்" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

அந்த நாலு பேருக்கும் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது.