நுவரெலியாவில் தொங்கிய முப்பது கூடைகள்

முதலில் என் கண்ணில் பட்டது அந்த ஏழுதான். ஹட்டன் கடையில் கருவாடு சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் தாளில் ஒரு படம் இருந்தது. ஏப்ரல் சீசனுக்காக நுவரெலியாவில் ஓவியச் சந்தை போட்டிருக்கிறார்கள், ஜெர்மனியிலிருந்து ஓர் ஓவியக்கூடமும் வந்திருக்கிறது என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் கொழுந்துக் கூடைகள் தொங்கின. ஒன்றில் 37. அந்த ஏழின் வால் கீழே வந்து இடது பக்கம் சுருண்டிருந்தது. அப்படி ஏழு போடுகிறவள் நான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் கூடைகளுக்கு நம்பர் எழுதுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, எழுத்து நிற்கவில்லை. போன மார்கழியில் ஒரு வெள்ளைக்கார அம்மா தோட்டத்துக்கு வந்து, முப்பது புதுக்கூடை கொடுத்து முப்பது பழங்கூடை வாங்கிப் போனார். எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை.

தாளை அம்மாவிடம் காட்டினேன்.

"ஏழுன்னா எல்லாரும் ஏழுதான்டி போடுவாங்க" என்றாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நேரில் போக வேண்டும், அது என் எழுத்து என்று அங்கே ஒருவரிடமாவது சொல்ல வேண்டும். இதில் ஒரே ஒரு சிக்கல்: முன்பின் தெரியாதவர்கள் முன்னால் எனக்குக் குரலே வராது.

பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா துணைக்கு வந்தார். சனிக்கிழமை வேலைக்குப் போகாமல், இரண்டு மைல் நடந்து ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனோம். காலை ஏழே காலுக்கு ரயில். நானுஓயாவுக்கு மூன்றாம் வகுப்பு மூன்று ரூபாய். புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் சிங்கமலைச் சுரங்கம் வரும். ஜன்னலை மூடிவிடுங்கள், கரி முகத்துக்கு வரும். நான் மூடவில்லை. இருட்டைப் பார்க்கும் ஆசை. ராசாத்தி அக்கா முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "வெள்ளைக்காரங்க ஒன்னையும் கூடையோட சேத்து மாட்டிரப் போறாங்க" என்றார்.

ஏறக்குறைய இருபது மைல். ஒன்பது மணிக்கு நானுஓயா. அங்கிருந்து பஸ், ஒன்றே கால் ரூபாய், இருபத்தைந்து நிமிடம். சீசன் கூட்டத்தில் நின்றுகொண்டேதான் போனோம். கண்டக்டர் சிங்களத்தில் "பஹின்ன, பஹின்ன" என்று எல்லோரையும் இறக்கிவிட்ட இடத்திலிருந்து சந்தை பத்து நிமிட நடை.

உள்ளே நுழைந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு சுவர் முழுக்க ஒரே படம். அதில் நீலம் தவிர ஒன்றுமில்லை.

"இந்த ஒரு கலரைப் பாக்கவா இவ்வளவு தூரம் ரயில்ல வந்தோம்?" என்று ராசாத்தி அக்கா கேட்டார். எனக்கோ நகர மனம் வரவில்லை. விடிவதற்கு முன் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நிற்கும்போது மலைக்குப் பின்னால் தெரிகிற நீலம் அது. அதைப் போய் ஒருவர் படமாக வைத்திருக்கிறார்.

ஜெர்மன்காரர்களின் இடம் கடைசியில் இருந்தது. முப்பது கூடைகளும் அவற்றின் கயிற்றிலேயே, ஆளின் முதுகு உயரத்தில் தொங்கின. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பல்பு. பிரம்பின் பின்னல் சுவரெல்லாம் நிழலாக விழுந்திருந்தது. நாங்கள் கொழுந்து சுமந்த கூடைகளா இவை என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பக்கத்தில் மூன்று மொழியிலும் ஓர் அட்டை. தமிழில் படித்தேன். "எண்களை எழுதியவர்: தெரியாது."

"சொல்லு புள்ள. இல்லாட்டி நான் சொல்லிருவேன்" என்று ராசாத்தி அக்கா இடுப்பில் இடித்தார்.

மொழிபெயர்க்க நின்ற கொழும்புப் பெண்ணிடம் போய், "அந்த ஏழு நான் போட்டதுங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அவர் அந்த வெள்ளைக்கார அம்மாவைக் கூட்டி வந்தார். அந்த அம்மா பென்சிலும் காகிதமும் நீட்டினார். 37 என்று எழுதினேன். கூடையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்கட பேரைப் போடுங்கோ தங்கச்சி" என்று கொழும்புப் பெண் அட்டையைக் காட்டினார்.

"இன்னிக்கு நான் வேலைக்குப் போகலீங்களே" என்றேன்.

அவர் விழித்தார். ராசாத்தி அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்:

"எங்க தோட்டத்துல பேரு போடுறதுன்னா கணக்கப்பிள்ளை போடுறதுங்க. முழு நாள் கொழுந்து எடுத்தா முழுப் பேரு. மத்தியானத்தோட வந்துட்டா அரைப் பேரு. அதுக்குத்தான் சம்பளம்."

அந்த அம்மா விளக்கத்தைக் கேட்டுவிட்டு, இந்த நம்பர்களை எழுத எனக்கு எத்தனை 'பேர்' போட்டார்கள் என்று கேட்கச் சொன்னார்.

"அதுக்குப் பேரு கெடையாதுங்க. ஞாயித்துக்கெழமைல எழுதுனது" என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். நுழைவு இரண்டு ரூபாய். சீசன் முடியும்வரை இருக்கும். கம்பளிச் சட்டை கட்டாயம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், சந்தைக்குள் ஒரு தேத்தண்ணி ஒரு ரூபாய், நம் கொழுந்தாகவே இருந்தாலும். படம் புரியாவிட்டால் நகர வேண்டாம், கொஞ்சம் நில்லுங்கள். கேள்வி கேட்டால் யாரும் கோபிப்பதில்லை.

கொழும்புப் பெண் நான் சொன்னதை மொழிபெயர்த்து முடித்ததும் அந்த அம்மா சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து நீட்டினார்.

வாங்கினேன். 'தெரியாது' என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் என் முழுப் பேரையும் எழுதினேன்.