அக்காவின் பட்டுப் புடவை

“உங்க அக்கா புடவையவிட உங்க சம்சாரத்தோட கழுத்து மலிவா?” என்று இன்று ஒரு மனிதரிடம் நான் கேட்கவில்லை.

காலையில் கவரைப்பேட்டை ஸ்டேஷன் எதிரே ஒரு பைக் சட்டென்று நின்றது. பின்னால் உட்கார்ந்து வந்த பெண்ணின் முந்தானை சக்கரத்தில் சுற்றி, அவள் கழுத்தை இறுக்கியிருந்தது. மூச்சுக்குத் திணறினாள்.

கணவர் அவளைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றி, புடவையைச் சேதமில்லாமல் எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேக்கிங் வேலைக்காக நான் வைத்திருக்கும் மடக்குக் கத்தியை எடுத்தேன். கடையில் பளபளத்த தடிக் கத்திகளை ஒதுக்கிவிட்டு, அலகு மெலிதாகவும் ஸ்பிரிங் இறுக்கமாகவும் இருந்ததைத் தேடி வாங்கியது.

“அறுக்காதம்மா! எங்க அக்கா பட்டுப் பொடவ. கல்யாணத்துக்கு இரவல் வாங்கினு வந்தோம். அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?” என்று கணவர் கையை நீட்டித் தடுத்தார்.

பக்கத்தில் பூ விற்ற அம்மா கத்தினார்: “யோவ், பொணத்துக்குப் போத்தவா பொடவய காப்பாத்துற? நீ அறு கண்ணு!”

துணிக்கும் தோலுக்கும் நடுவே விரலை நுழைத்து, கூர் வெளியே பார்க்க அலகைச் செருகி இழுத்தேன். பட்டு அறுந்தது. அவள் இருமி இருமி மூச்சு வாங்கினாள்.

அவர் கிழிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “டார்னிங் பண்ணா தெரியாதுல்ல?”

இந்த ரகம் உங்கள் ஊரிலும் கிடைக்கிறதா, எங்களுக்கு மட்டும்தானா?

பிறகு அவர் பைக்கை ஸ்டார்ட் செய்து, “ஏறு, நேரமாவுது” என்றார். அவள் எதிர்த் திசையில் போன ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.