கை தட்டாதேங்கோ!

போன வருடம் குளிர் விட்டுப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை இது நடந்தது. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்யும் சேலைக்கடையிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு விளையாட்டு மண்டபத்தில் அன்று பாண்ட் வாத்தியப் போட்டி. ட்ரம் அடித்துக்கொண்டே அணிவகுத்து நடக்கும் பிள்ளைகளின் போட்டி. நானும் ஒரு காலத்தில் அப்படி நடந்தவள்தான். சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்காகப் போனது அன்றுதான் முதல் தடவை.

எங்கள் கடை இருக்கும் ரூ காய் தெருவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. அதிலும் அது கலியாணக் காலம். முதலாளி அண்ணையிடம் ஒரு மணித்தியாலம் கேட்டேன். கூரைச் சேலை பார்க்க வந்திருந்த குடும்பத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போயிட்டுக் கெதியா ஓடி வா. நான் போன் அடிச்சா எடுக்க வேணும்" என்றார். தலை தெறிக்க ஓடினேன். சட்டைக்கு அளவெடுக்கும் நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது தெருமுனையில்தான் தெரிந்தது. கழற்றி வைக்கத் திரும்பினால் யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று அப்படியே போய்விட்டேன்.

போட்டிக்கு வந்திருந்த எங்கள் தமிழ்ப் பிள்ளைகளின் அணியில் சின்ன வயதிலேயே சேர்ந்தவள் நான். மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் ஞாயிறுதோறும் பயிற்சி நடக்கும். சின்ன ட்ரம்மில் தொடங்கி, வளர்ந்த பிறகு பெரிய ட்ரம் என் தோளுக்கு வந்தது. முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டு போகும் லீடரைத்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். ஆனால் பெரிய ட்ரம்மில் அடி விழும்போதுதான் அத்தனை பேருடைய இடது காலும் தரையில் விழ வேண்டும். நடையைப் பிடித்து வைத்திருப்பது அந்த அடிதான். இதைச் சொன்னால் தற்பெருமை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சின்னப் பிள்ளைகளைப் பழக்குவதும் என் பொறுப்பாக இருந்தது. அவர்களுக்குத் தாளம் தடுமாறினால் கத்திப் பயனில்லை, ட்ரம் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதனால் ஒரு சைகை வைத்திருந்தேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி போலப் பிடிப்பேன். கை நிற்க வேண்டும், கால் நிற்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். அடிப்பதை விட்டுவிட்டு நடையை மட்டும் தொடருவார்கள். கால்கள் எல்லாம் ஒன்றான பிறகு பெரிய ட்ரம் தனியே தொடங்கும், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

படிப்பு முடிந்து கடையில் சேர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமை என் கையை விட்டுப் போனது. அணியும் போனது. பெற்றோர்கள் மத்தியில் கதை வேறு மாதிரி ஓடியது. லீடர் சுழற்றும் கோலை எனக்குத் தராமல் வேறொரு பிள்ளைக்குக் கொடுத்ததால் கோபித்துக்கொண்டு போய்விட்டேனாம். கோபம் இருந்தது உண்மை. நான் விலகியது அதற்காக இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு கதை ரூ காயில் புறப்பட்டால், ரூ லூயி-பிளாங் முனைக்குப் போய்ச் சேருவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிடும். நானும் யாருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

அன்றைய போட்டி அணிக்குப் பெரிய விஷயம். அதுவரை எங்கள் விழாக்களிலும் திருநாள்களிலும் மட்டுமே அடித்த பிள்ளைகள், முதல் தடவையாகப் பிரெஞ்சு அணிகளோடு சேர்ந்து போட்டிக்கு இறங்கியிருந்தார்கள். ஏற்கெனவே சில வீடுகளில், "இந்தத் தட்டலால என்ன பிரயோசனம், கணக்கு வகுப்புக்குப் போகட்டும்" என்று பிள்ளைகளை மறித்துவிட்டார்கள். வெளியார் முன்னால் ஒரு தடவை கேவலப்பட்டால் மிச்சப் பிள்ளைகளும் நின்றுவிடுவார்கள். பிறகு அணி என்று ஒன்று இருக்காது.

மண்டபத்தில் எங்கள் ஆட்கள் ஒரு பக்கத்துப் படிகளை நிறைத்து இருந்தார்கள். ரோல்ஸ் பெட்டிகளும் தேத்தண்ணிப் போத்தல்களும் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தன. அந்தக் கோல் கிடைத்த பிள்ளையின், அதாவது இப்போதைய லீடரின் அம்மா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவருக்கு இரண்டு படி மேலே, ஓரமாக இருந்த ஒரு பிரெஞ்சு அம்மாவுக்குப் பக்கத்தில் ஒதுங்கினேன். அந்த அம்மா என் கழுத்து நாடாவைப் பார்த்துச் சிரித்தார். தன் பேத்தி வேறொரு அணியில் அடிப்பதாகச் சொன்னார்.

நிகழ்ச்சி பிந்திப் பிந்திப் போனது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் அணி வந்து போனது, இரண்டாவது அணி வந்து போனது. கைப்பைக்குள் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. எடுக்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன், கால் அசையவில்லை. விரல்கள் மட்டும் முழங்காலில் தாமாகவே அடித்துக்கொண்டிருந்தன. எங்கள் பிள்ளைகள் நன்றாகச் செய்ய வேண்டும் என்று மனம் வேண்டிக்கொண்டது. நான் இல்லாமல் அப்படி ஒன்றும் நன்றாக வந்துவிடக் கூடாது என்று அதே மனதின் ஒரு மூலையில் சின்னதாக ஓர் ஆசையும் கிடந்தது. என் மனம் அவ்வளவு அழகு.

எங்கள் அணி உள்ளே வந்தது. பெரிய ட்ரம்மைச் சுமந்து வந்தவள் ஒரு சின்னப் பெண். நான் பழக்கியவள்தான். ட்ரம்முக்கு மேலே கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிந்தன. இவளா என்று முதலில் நினைத்தேன். முதல் அடி விழுந்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு சுத்தமான அடி. லீடரின் கோல் மேலே போய்ச் சுழன்று திரும்ப அவள் கைக்கு வந்தது. கால்கள் எல்லாம் ஒன்றாக விழுந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் எங்கள் ஆட்கள் கை தட்டத் தொடங்கினார்கள்.

எங்கள் விழாக்களில் அது வழக்கம். ஒலிவாங்கியைப் பிடிக்கிறவர் முதலில் சொல்வதே, "கை தட்டி உற்சாகப்படுத்துங்கோ" என்பதுதான். தாளத்துக்குத் தாளம் எல்லாரும் தட்டுவோம். திறந்த வெளியிலும் திரைச்சீலை போட்ட கலியாண மண்டபத்திலும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் இந்த மண்டபத்துக்குத் தகரக் கூரை, நான்கு பக்கமும் வெறும் சுவர். இந்தப் பக்கம் தட்டிய சத்தம் எதிர்ச் சுவரில் பட்டு, கொஞ்சம் பிந்தித் திரும்பி வந்தது. பிள்ளைகளின் காதில் இப்போது இரண்டு தாளம். ஒன்று ட்ரம்மில், மற்றது சுவரில்.

வலப்பக்கத்துச் சின்ன ட்ரம்காரர் சுவரோடு போய்விட்டார்கள். இடப்பக்கம் பெரிய ட்ரம்மோடு நின்றது. கடைசி வரிசையில் ஒரு பிள்ளை கால் மாறி, அதைச் சரிசெய்யத் துள்ளினாள், அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளும் துள்ளினாள். பெரிய ட்ரம் பிள்ளையின் கண் அங்கும் இங்கும் அலைந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைகள் தளர்கிறார்கள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

நான் எழுந்துவிட்டேன். "தட்டாதேங்கோ! அன்ரி, கை தட்டாதேங்கோ! அதுகளுக்குக் குழம்புது!"

லீடரின் அம்மா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "உனக்கென்ன வயித்தெரிச்சலோ பிள்ளை? கோல் கிடைக்கேல்லை எண்டு இப்பவும் எரியுதோ? இருந்து பார், இல்லாட்டி எழும்பிப் போ!"

சுற்றியிருந்த எல்லாருக்கும் அது கேட்டது. எனக்கு முகம் எரிந்தது. பின்னால் இருந்த ஒருவர் எனக்கு எதிர்ப்புக் காட்டுவது போல இன்னும் ஓங்கித் தட்டினார். போய்விடலாம், கடைக்கும் நேரமாகிவிட்டது, எனக்கென்ன வந்தது என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் கீழே அந்தச் சின்னவளின் நெற்றி வேர்த்து மின்னிக்கொண்டிருந்தது. படிகளில் தடதடவென்று இறங்கிப்போய், முன்கம்பிக்குப் பக்கத்தில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி போட்டேன்.

நிறுத்துங்கள் என்று சொல்ல என் கைகளுக்கு அந்த ஒரு வழிதான் தெரியும்.

தூக்கிய பிறகுதான் என் புத்தியில் உறைத்தது. நான் கூட்டத்துக்குத்தான் காட்டினேன். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் நடந்து வருகிற பிள்ளைகளுக்கும் அந்தக் கைகள் தெரியும். திரும்பிப் பார்த்தேன். பெரிய ட்ரம் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கை நின்றது. அடுத்த கணம் எல்லா ட்ரம்மும் நின்றன.

போட்டியின் நடுவில் அணியை நானே நிறுத்திவிட்டேன். ட்ரம் நின்றதும் கூட்டமும் திகைத்துக் கை தட்டலை விட்டது. அந்தப் பெரிய மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. அந்த அமைதியில் பாழாய்ப்போன என் போன் மறுபடியும் கைப்பைக்குள் உறுமியது. நான் தூக்கிய கையை இறக்கக்கூடப் பயந்து நின்றேன்.

பிறகு கேட்டது. சப்பாத்துச் சத்தம். இடது, வலது, இடது. முதலில் சிதறலாக, பிறகு இரண்டு கூட்டமாக, பிறகு ஒரே சத்தமாக. ஒரு பிள்ளையும் நிற்கவில்லை. கோலைப் பிடித்த லீடரும் நிற்கவில்லை. நேராகப் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தார்கள். இடது கால் விழுந்த ஓர் இடத்தில், சரியாக அந்த இடத்தில், பெரிய ட்ரம் தனியே தொடங்கியது. அடுத்த சுற்றில் மற்ற ட்ரம்கள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. படிகள் அதிர்ந்தன.

மேலே இருந்த பிரெஞ்சு அம்மா எழுந்து எங்கள் ஆட்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பிள்ளைகள் நடந்து முடியும்வரை அந்த விரலை அவர் எடுக்கவில்லை. நான் சொல்லிக் கேளாதவர்கள் அவருக்கு அடங்கி இருந்தார்கள். அதற்கு அன்று கோபம் வந்தது. இன்று அந்த அம்மாவை நினைத்தால் நன்றிதான் வருகிறது.

முடிவைக் கேட்க நான் நிற்கவில்லை. கடைக்கு ஓடினேன். அண்ணையிடம் ஏச்சு வாங்கிக் கட்டிக்கொண்டு, சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். நடுவர்கள் என்ன நினைத்திருப்பார்கள், அணிக்கு என்ன நடந்திருக்கும், லீடரின் அம்மா சொன்னதை இப்போது எத்தனை பேர் நம்புவார்கள் என்று ஒன்று மாறி ஒன்று ஓடியது. வேண்டுமென்றே கெடுத்தாள் என்றுதான் சொல்வார்கள்.

கடை பூட்டும் நேரத்துக்கு லீடரின் அம்மா உள்ளே வந்தார். பக்கத்தில் சீருடையோடு மகள். மகள் என்னைக் கண்டதும் ஓடி வந்து பிரெஞ்சில் கொட்டினாள். மூன்றாம் இடமாம். அந்த அமைதியான இடத்தைத்தான் நடுவர் மேடையிலேயே பாராட்டினாராம். கால் சத்தத்தை மட்டும் வைத்து யார் அமைத்தது என்று கேட்டாராம். எங்கள் அக்காதான் என்று பெரிய ட்ரம் பிள்ளை சொன்னாளாம்.

"நீங்கள் கூட்டத்துக்குக் காட்டினது எண்டு அவளுக்குத் தெரியவே தெரியாது" என்று கடைசியில் தமிழில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். "தெரிஞ்சிருந்தா நாங்கள் துலைஞ்சம்."

அம்மா சேலை ஒன்றை விரித்துக் கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கும் ஆள் இல்லை அவர், நானும் அப்படித்தான். இன்னொரு சேலையை எடுத்துப் போடச் சொன்னார். அதையும் பார்த்தார். பிறகு சேலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கட சனத்துக்கு எங்கை தட்டிறது, எங்கை விடுறதெண்டு ஆர் சொல்லுறது? அடுத்த முறை நீ வந்து முன்னுக்கு நில் பிள்ளை. நீ கையைத் தூக்கினா ஒருத்தரும் தட்டமாட்டம்."

"ஓம் அன்ரி" என்றேன். முதலில் விரித்த சேலையை அவர் வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு போட்டி நாளில் நான் லீவு கேட்டால் முதலாளி அண்ணையும் பெரிதாக முணுமுணுப்பதில்லை.

அதற்குப் பிறகு நடந்த போட்டிகளில் எங்கள் ஆட்களுக்கு முன்னால், அணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான்தான் நிற்கிறேன். அன்றைய அந்த அமைதியான இடத்தைப் பிள்ளைகள் இப்போது ஒவ்வொரு தடவையும் வைத்துக்கொள்கிறார்கள், அதற்குச் சைகை காட்டுவதும் நான்தான். கோல் எவ்வளவு உயரம் போகிறது, சின்னவள் எப்படி அடிக்கிறாள் என்று எதையும் பார்க்கக் கிடைப்பதில்லை. முன்னால் கை தட்டத் துடிக்கும் அம்மாக்களின் முகங்கள்தான் தெரியும். ஆனால் நான் கையைத் தூக்கி, ட்ரம் எல்லாம் அடங்கி, முதுகுக்குப் பின்னால் அத்தனை இடது கால்களும் ஒன்றாக விழும் சத்தம் கேட்கும்போது, வரிசைக்குள் நான் இல்லாமலும் அது நன்றாக வருகிறதே என்று இப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.