ராஜினாமாவுக்குப் பிறகு வைத்த சாம்பார்

எங்கள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைத்துவந்த கங்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. சமையலறை வாசலில் தேங்கிய சாக்கடைதான் அவரைத் தேர்தலுக்கு இழுத்தது. ஒரகடம் கம்பெனிகளுக்கு வரும் தென் மாவட்டப் பையன்களுக்காக டில்லிபாபு கட்டிய ஹாஸ்டலின் கழிவுநீர் அது. வடிகால் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். வார்டுக்கு இடைத்தேர்தல் வந்தது. டில்லிபாபு மனுப் போட்டார், கங்காவும் போட்டார். அவரை முன்மொழிந்தவன் நான்.

அரசுச் சம்பளம் வாங்குகிறவர் போட்டியிடக் கூடாது. அதனால் கங்கா முன்னதாகவே ஒன்றிய அலுவலகத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருந்தார். மாற்று ஆள் வரவில்லை. மறுநாளும் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

"இன்னாத்துக்கும்மா இன்னும் போற?" என்றேன்.

"புள்ளைங்க தட்டத் தூக்கிக்கினு நிக்குதுங்கண்ணா. சம்பளமா கேட்டேன்?"

மனு பரிசீலனையன்று டில்லிபாபு சிரித்துக்கொண்டே அவரிடம் வந்தார். "கங்காக்கா, இன்னிக்கு ஸ்கூல்ல சாம்பார் சூப்பராமே. எங்க வாட்ச்மேன் பையன் சொன்னான். யாரு வெச்சது?"

"நாந்தான். வேற எவ வந்தா?" என்றார் கங்கா, கொஞ்சம் பெருமையாகவே.

"கேட்டுக்கினீங்களா சார்?" என்று அதிகாரியின் பக்கம் திரும்பினார் டில்லிபாபு.

பணியில் நீடிக்கிறார் என்று மனு தள்ளுபடியானது. டில்லிபாபு போட்டியின்றி வென்றார்.

ராஜினாமாவைத் திரும்ப வாங்க கங்கா ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடினார். ராஜினாமாவை ஏற்றாகிவிட்டது என்றார்கள்.

"வேலைல கீறேன்னு சொல்லித்தானே சார் மனுவத் தள்ளுனாங்க?"

"அது எலக்சன் மேட்டரும்மா. இது சத்துணவு."

அதே மாதம் பக்கத்துத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஒரு வாரியத்துக்குத் தலைவரானார். உறுப்பினர் அரசின் ஊதியப் பதவி வகிக்கக் கூடாது என்று அவருக்கும் விதி உண்டு. ஆனால் அந்தப் பதவிக்குச் சட்டத்திலேயே விலக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். கார் உண்டு, அலுவலகம் உண்டு, படியும் உண்டு. காசு வாங்காமல் வைத்த சாம்பாருக்கு விலக்கு எழுத ஆள் இல்லை.

கம்பெனி கேன்டீன்களில் வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் கங்காவுக்கு வேலை கொடுத்தவர் டில்லிபாபு. ஷிப்ட் முடிந்து வரும் பையன்களுக்கு ஹாஸ்டலில் இப்போது கங்காதான் சமைக்கிறார்; அண்டாக்களையும் அவரே கழுவுகிறார்.

வடிகால் இன்னும் வரவில்லை. அவர் அண்டா கழுவிய தண்ணீர் அந்தப் பள்ளிச் சமையலறை வாசலுக்குத்தான் போய் நிற்கிறது.