வார்டுக்கும் தியேட்டருக்கும் நடுவில்

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவருக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஆபரேஷனுக்கு வந்த குழந்தையை அம்மாவிடமிருந்து வாங்கி, தியேட்டருக்குள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். "இதெல்லாம் ஒரு வேலையா மாமா?" என்று மைத்துனர் கேலி செய்வார். அந்த மைத்துனரை ஒருநாள் வார்டு வாசலில் நிறுத்திப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். பெற்றவள் விடமாட்டாள், பிள்ளையும் விடாது.

ஓய்வுபெற்ற பிறகு, பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் மனசு என்னவோ அந்த நீண்ட வராந்தாவுக்குத்தான் ஓடுகிறது. பினாயில் வாசனை, ஒரு சக்கரம் கிறீச்சிடும் தள்ளுவண்டி, சுவரில் யாரோ வரைந்த, தும்பிக்கைப் பக்கம் சாயம் உதிர்ந்த யானை.

வருகிற பிள்ளைகள் பலவிதம். மாறுகண், இமை தொங்கின கண். கண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்ட கைக்குழந்தைகளும் உண்டு. அழாமலேயே கண்ணில் நீர் வழியும். காலையில் பீளை கட்டி இமை திறக்காது. மூக்கோரத்தில் நீவிவிட்டும் சரியாகவில்லை என்றால் மெல்லிய கம்பி விட்டு அடைப்பைத் திறப்பார்கள். சின்ன வேலைதான். ஆனாலும் கைக்குழந்தை அசையாமல் படுக்குமா? மயக்கம் கொடுத்தாக வேண்டும்.

அப்போது அவருக்குப் பெரிய மீசை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எண்ணெய் தடவி வளர்த்தது. வராந்தா முனையில் அது தெரிந்தாலே போதும், வார்டே வீறிட்டு அழும்.

பயப்படாத பிள்ளை என்று ஒருத்திதான் வந்தாள். நாலு வயசு. பிறக்கும்போதே இரண்டு கண்ணிலும் புரை; வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரியும். தாமதமாகத்தான் கூட்டிவந்திருந்தார்கள். அவர் தூக்கியதும் அவள் கை முகமெல்லாம் துழாவி மீசையில் வந்து நின்றது.

"இது என்ன?"

"மீசை."

"பூனைக்கு இருக்குமே, அதுவா?"

"அதேதான். நான் பெரிய பூனை."

வராந்தா முழுக்க மீசை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கு ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். அடுத்த கண்ணுக்குச் சில வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த இடைவெளியில்தான் மயக்க மருந்து டாக்டரம்மா சொன்னார்:

"அண்ணே, நீங்க வர்றதுக்கு முன்னாடி உங்க மீசை வந்துடுது. பிள்ளைங்க அழுது அழுது மூக்கெல்லாம் சளி. மயக்கம் குடுக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவருக்குத்தான் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே சலூனுக்குப் போனார். கண்ணாடியைப் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டார்.

கதவைத் திறந்த மனைவி, "யாருங்க வேணும்?" என்றாள்.

"விளையாடாதே. வழியை விடு."

"அவர் வீட்ல இல்லைங்களே" என்று சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம், பக்கத்தில் வந்து அவர் கன்னத்தைத் தடவினாள்.

வார்டில் அழுகை பாதியாகக் குறைந்தது. மீசை போன துக்கம்கூட அதில் ஆறிவிட்டது. ஆனால் அந்தப் பெண் குழந்தை திரும்பி வந்தபோதுதான் வம்பு. கெட்டிக் கண்ணாடிக்குள்ளிருந்து அவரை முறைத்துப் பார்த்தாள். இவர் கை நீட்ட, அவள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இது யாரோ. எனக்குப் பூனை மாமாதான் வேணும்."

"நான்தாண்டா கண்ணு, அந்தப் பூனை."

"பொய். நீ ஆளு மாதிரி இருக்க."

அம்மா சொன்னாள், நர்ஸ் சொன்னாள். அவள் மசியவில்லை. உள்ளே டாக்டர்கள் காத்திருந்தார்கள். இருந்தும் இவர் பிடுங்கித் தூக்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மீசையை எலி தின்னுடுச்சு. வெட்கமா இருக்கு, யார்கிட்டயும் சொல்லிடாதே."

அவள் உற்றுக் கேட்டாள். பிறகு தானாகவே கண்ணாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் அவர் முகத்தைத் தடவினாள். மூக்கு, காது, தாடையிலிருந்த பழைய தழும்பு.

"இன்னொரு தடவை பேசு."

"என்ன பேசறது? எலி நாக்கையும் கொஞ்சம் கடிச்சிடுச்சு."

கண்ணை மூடியபடியே சிரித்தாள். "மாமாதான்" என்று அம்மாவிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர் தோளில் ஏறிக்கொண்டாள். இவர் எழுந்து அவளைத் தூக்கிக்கொண்டு தியேட்டருக்கு நடந்தார்.

அந்தக் கண்ணும் நல்லபடியாகத் தேறியது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகும் செக்கப்புக்கு வரும்போதெல்லாம் வராந்தாவில் அவரைத் தேடி ஓடிவருவாள்.

இப்போதெல்லாம் பிள்ளை தூங்கும்வரை அம்மாவே தியேட்டருக்குள் கூட இருக்கலாமாம். போன வாரம் போனில் டாக்டரம்மா சொன்னார்.

"ரொம்ப நல்லதும்மா. அதுதான் சரி" என்றார் இவர். மனசாரத்தான் சொன்னார்.

போனை வைத்த பிறகு மனசு மறுபடி அந்த வராந்தாவுக்கே போனது. போகும்போது திமிறுகிற பிள்ளை, ஆபரேஷன் முடிந்து வரும்போது தூக்கக் கலக்கத்தில் தோளோடு ஒட்டிக்கொண்டு கனக்கும். அம்மாக்கள் பாதி வராந்தாவுக்கே ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். வாங்கிப் போன பிறகும் சட்டையில் அந்தச் சூடு கொஞ்ச நேரம் இருக்கும்.