ஸெர்தூ மோ என்று கூப்பிட ஆளில்லாத ஊர்

பர்மா மலைக்காட்டில் வாழ்ந்த எங்கள் கரேன் சனத்தில் முதல் பிள்ளை பிறந்துவிட்டால் தாயின் சொந்தப் பெயருக்கு வேலை முடிந்தது. அப்புறம் சாகும்வரை அவள் அந்தப் பிள்ளையின் அம்மா, ‘மோ’. தாய்லாந்து எல்லை முகாமில் என் அடுத்த குடிசைக்காரியை நாங்கள் ஸெர்தூ மோ என்றுதான் கூப்பிடுவோம். அவள் குடிசையில் ஸெர்தூ என்று யாரும் இல்லை. புருஷனைக் கண்ணிவெடி கொண்டுபோன பிறகு அவளுக்கு மிஞ்சியது இளையவள் லாசே மட்டும்தான்.

வெளிநாட்டில் குடியமர்த்த நேர்காணல் என்று சீட்டு வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“மூத்தது எங்கேன்னு கேப்பாங்களே அக்கா?”

“காய்ச்சல்ல போச்சுன்னு சொல்லுடி. இந்தக் காட்டுல காய்ச்சலுக்கா பஞ்சம்?”

“நெசம் தெரிஞ்சா என்னைப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க. லாசேயை யாரு பாத்துக்குவா?”

நிஜம் எனக்கும் தெரியும். பர்மாப் பட்டாளம் ஊரைக் கொளுத்திய அன்று மூங்கில் புதருக்குள் முப்பது பேர் பதுங்கிக் கிடந்தோம். பூட்ஸ் சத்தம் கைக்கெட்டும் தூரத்தில் கேட்டது. எட்டு மாதக் குழந்தை ஸெர்தூ சிணுங்கினான். யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தோம். நானும்தான் பார்த்தேன். அவள் அவன் வாயைப் பொத்தினாள். பட்டாளம் போனபின் அவள் கையை எடுத்தபோது அவன் மூச்சு நின்றிருந்தது.

லாசே பிறந்த பிறகு லாசே மோ என்று மாற்றியிருக்கலாம், எங்களுக்கு நாக்கு வரவில்லை. அவன் போனதால்தானே நாங்கள் இருக்கிறோம்.

நேர்காணல் முடிந்து வெளியே வந்தவளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

“சொல்லிட்டேன் அக்கா. பொய் சொல்லத்தான் போனேன், வாய் வரல.”

“அடிப் பாவி! கேள்வி கேட்ட அந்தம்மா என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. எழுதுறத நிறுத்திட்டுத் தண்ணி குடுத்தா. அப்புறம் ரொம்ப நேரம் எழுதினா. என்னத்த எழுதினாளோ!”

அடுத்த ஏழு மாதம் வேலியோரம் ஜீப் வந்தாலே லாசேயை என் குடிசைக்குள் தள்ளிவிட்டு, வாசலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எனக்கும் ஒரு பயம் இருந்தது. புதரில் இன்னும் யார் யார் இருந்தீர்கள் என்று கேட்டுவிட்டால்?

யாரும் கேட்கவில்லை. ஒருநாள் பயணப் பட்டியலில் தாயும் மகளும் இருப்பதாகத் தகவல் வந்தது.

பஸ் வந்த காலையில் அதிகாரி பெயர்களை வாசித்தார்.

“நோ மூ வா!”

பதில் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. ஸெர்தூ மோ லாசேயின் கையை இறுக்கிப் பிடித்தபடி தன் முறைக்காகக் காத்திருந்தாள். மூன்றாம் தடவை வாசித்துவிட்டு அவர் பெயரை அடிக்கப் பேனாவைத் தாழ்த்தியபோதுதான் அது அவளுடைய சொந்தப் பெயர் என்று எனக்கே உறைத்தது.

“ஸெர்தூ மோ! உன்னத்தாண்டி கூப்பிடறாரு! ஓடு!”

“நானா?” என்று பதறி, மகளை இழுத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. ஜீப்பைப் பார்த்தபோது இருந்த அதே பயம்.

“அக்கா, அங்க என்னை யாரு ஸெர்தூ மோன்னு கூப்பிடுவா?”

பஸ் நகர்ந்தது. நான் கூடவே ஓடி, தொண்டை கிழியும்வரை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.