கூரை மேலிருந்து வெர்லின் சொன்ன சொல்

பக்கத்து வீட்டு வெர்லினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதும் உருளைக்கிழங்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு போவதும் ஒன்றுதான். நாற்சந்தியில் நிறுத்தி, "உன் பக்கம் ஏதாவது வருதா?" என்று கேட்டால், வேறு யாராக இருந்தாலும் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார்கள். இவர் மடியில் கிடக்கும் தொப்பியையே பார்த்துக்கொண்டு, "நீயே பாத்துக்க, லோரீன்" என்பார். நான் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து, கழுத்தை நீட்டி, அவர் மூக்கைத் தாண்டிப் பார்த்துத்தான் வண்டியை எடுக்க வேண்டும். எனக்கு வயது அறுபத்தாறு. கழுத்து வலி வேறு. எத்தனையோ நாள் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அசைய மாட்டார்.

இத்தனைக்கும் பார்த்துச் சொல்வதுதான் அந்த மனிதரின் தொழிலாக இருந்தது. வாரம் முழுக்க காலுறை மில்லில் மெக்கானிக் வேலை. சனிக்கிழமை வந்தால் ஊருக்கு வெளியே இருக்கும் அரை மைல் கார்ப்பந்தய டிராக்கில், பார்வையாளர் மேடையின் கூரை மேல் ஏறி நிற்பார். கீழே இருபத்து நான்கு கார்கள் ஒன்றோடொன்று உரசாத குறையாக ஓடும். ஹெல்மெட்டும் கழுத்துப்பட்டையும் மாட்டி உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரால் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க முடியாது. மேலே நிற்பவர்தான் ரேடியோவில் கண்ணாக இருப்பார். உள்ளே ஒருத்தன். வெளியே ஒருத்தன். கிளியர். பக்கத்தில் யாரும் இல்லை என்று சொல்லும் அந்தக் கடைசிச் சொல் காதில் விழுந்தால் ஓட்டுநர் பார்க்காமலே ஸ்டியரிங்கைத் திருப்பிவிடுவார். அந்த நம்பிக்கை இல்லாதவன் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்கலாம்.

வெர்லின் கண்ணாக இருந்தது ஓடெல் கிரவுஸுக்கு. ஓடெல் வெல்டிங் பட்டறைக்காரர். மற்றவர்கள் கழித்துக்கட்டிய காரை வாங்கி, ஒட்டுப்போட்டு ஓட்டுவார். பதினேழு வருஷத்தில் நான்கே நான்கு வெற்றி. பேச்சும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. அப்படிப்பட்ட ஆளை ரசிகர்கள் யார் தூக்கிக் கொண்டாடுவார்கள்?

எங்கள் ஊர் ரசிகர்கள் கூடுமிடம் மார்ஷல் பிரூயிட்டின் கடை. சனிக்கிழமை காலையில் போனால் சுடச்சுட பிஸ்கட் ரொட்டி, நடுவில் ஈரல் வறுவல், கூடவே இனிப்புத் தேநீர். கல்லாவுக்கு மேலே மார்ஷலின் மகன் கைலின் படம் தொங்கும். கையில் கோப்பை, வாய் கொள்ளாத சிரிப்பு, இருபத்து மூன்று வயது. அந்தப் படம் எடுத்த ஐந்தாவது வாரம், மூன்றாவது வளைவில் ஓடெலின் கார் அவனை நெருக்கிச் சுவரில் தள்ளியது. ஆம்புலன்ஸ் டிராக்கை விட்டு வெளியே போகும் முன்பே பையன் போய்விட்டான்.

ஓடெலை விசாரித்தார்கள். "ஸ்டியரிங் என் கையிலதான் இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் பந்தயக் காரில் உட்காரவே இல்லை. மேலே இருந்து வெர்லின் கத்தியும் ஓடெல் கேட்காமல் திரும்பினான் என்று ஊர் முடிவு கட்டிக்கொண்டது. வெர்லின் அதை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் மார்ஷல் வெர்லினின் தட்டில் மட்டும் ஒரு துண்டு ஈரல் அதிகம் வைப்பார். "நீயாவது அவனைத் தடுக்கப் பாத்த" என்பார். பத்தொன்பது வருஷமாக அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெர்லின் பாதி ரொட்டியைக் கஷ்டப்பட்டு விழுங்குவார். அந்த ஈரல் துண்டைத் தொடமாட்டார். காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து என் நாய்க்குப் போடுவார். ஆனால் ஒரு சனிக்கிழமைகூடப் போகாமல் இருந்ததில்லை. போகவேண்டாம் என்று நான் சொன்னாலும் கேட்டதில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

நான் டிராக்கில் ரேடியோப் பெட்டி வாடகைக்குக் கொடுக்கும் குடிசையில் வேலை பார்த்தேன். ரசிகர்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பிடித்த ஓட்டுநர் பேசுவதைக் கேட்பார்கள். அன்றைக்கு எல்லாரும் கைலின் அலைவரிசையைத்தான் கேட்டார்கள். ஓடெலைக் கேட்க ஒரு ஆள் கிடையாது. ஒரு பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, யாரும் கேட்காத அலைவரிசையாகத் தேடி வைத்தேன். வெர்லினின் குரல், "உள்ளே நீ, வெளியே அவன், வெளியே அவன், கிளியர்." அடுத்த மூச்சில் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை. காதில் ஓடெல் மட்டும்தான் இருந்தார். மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "வெர்லின். நீ ஒண்ணும் சொல்லல. கேக்குதா? நீ ஒண்ணுமே சொல்லல."

பெட்டியை அணைத்து அலமாரியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சம்பந்தப்பட்டவரே சொல்லட்டும், நமக்கென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருஷம் ஆக ஆக அந்தக் குரல் பாத்திரம் கழுவும்போதும் வந்தது, சர்ச்சில் பாட்டுப் பாடும்போதும் வந்தது.

இந்த ஜனவரியில் ஓடெல் பட்டறையிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். அடக்கத்துக்கு ஒன்பது பேர் போனோம். மார்ச் மாதம் டிராக்குக்கு எழுபத்தைந்து வயது. நான்காவது வளைவுச் சுவரில் பத்து ஓட்டுநர்களின் பெயரை எழுதப்போகிறோம், ரசிகர்களே ஓட்டுப் போடுங்கள் என்று அறிவித்தார்கள். ஓட்டுப் பெட்டி மார்ஷலின் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓட்டுப் போடக் கடைசிச் சனிக்கிழமை, கடையில் கால் வைக்க இடமில்லை.

ஜூனி தபால்காரன். ஓடெலுக்காகப் பேசும் ஒரே ஆள். மார்ஷல் உள்ளே மாவு பிசையப் போயிருந்த நேரம் பார்த்து ஆரம்பித்தான்.

"ஒரே டயர்ல நூத்தி இருபது சுத்து ஓட்டினான்டா ஓடெல். மத்தவனெல்லாம் ரெண்டு தடவ மாத்தினான். எத்தனாவதா வந்தான் தெரியுமா? ஆறாவது! அந்த டப்பாவ நீ ஓட்டியிருந்தா பார்க்கிங்லேயே நின்னிருக்கும்."

"ஆறாவதா வந்தவன் பேரெல்லாம் எழுதணும்னா சீனாவுல இருந்து சுவரு வாங்கிட்டு வரணும்" என்றான் டட்லி. டயர் கடைக்காரன், தொண்டை மட்டும் பெரிது. எல்லாரும் சிரித்தார்கள்.

"நல்ல கார் குடுத்துப் பாத்திருக்கணும்டா."

"குடுத்திருந்தா இன்னும் நாலு பேரக் கொன்னிருப்பான். அவன் ஓட்டினதப் பாத்தவன்தானே நீ? முன்னாடி போனதும் இடம் இருக்கா இல்லையான்னு பாக்காம சரக்குனு வெட்டுவான். அது திறமையா? திமிரு."

"பதினேழு வருஷத்துல யார உரசினான், சொல்லு? ஒருத்தன் பேரு சொல்லு!"

டட்லி வாயால் சொல்லவில்லை. கல்லாவுக்கு மேலே இருந்த படத்தைக் காட்டினான். ஜூனி குனிந்து ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தான். டட்லிக்கு அது போதவில்லை. வெர்லின் பக்கம் திரும்பினான்.

"நீதானே அய்யா மேல நின்ன. நீயே சொல்லு. உன் பேச்சக் கேக்காமத்தானே திரும்புனான்?"

உள்ளேயிருந்து மார்ஷல் கையில் மாவோடு வந்து நின்றார்.

வெர்லின் தொப்பியைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான் கிளியர்னு சொன்னேன்" என்றார்.

தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"நான் எப்பவும் அரை வண்டி முன்னாடியே சொல்லிடுவேன். எங்க பழக்கம் அது. பக்கத்துக் காரோட மூக்கு விலகறதுக்கு முன்னாடியே சொல்வேன். ஓடெல் ஒரு மூச்சு பொறுத்துத் திருப்புவான். அந்த ஒரு மூச்சுல இடம் கிடைச்சிடும். ஒரு விரக்கட இருந்தாப் போதும் அவனுக்கு. உங்க கண்ணுக்கு அது வெட்டுற மாதிரி தெரிஞ்சுது. டட்லி, அதுக்குப் பேரு திமிரு இல்ல. என் அவசரத்த அவன் கையால சரிபண்ணிட்டு இருந்தான், பதினேழு வருஷமா." வெர்லின் தொப்பியின் விளிம்பை நேராக்கினார். "அன்னைக்குக் கைல் வழுக்கினான். ஓடெல் உள்ள பூந்தான். நான் சொல்லிட்டேன். கைல் புது டயர் போட்டிருந்தத நான் மறந்துட்டேன். பின்னால விலக வேண்டிய கார், புது டயர் பிடிச்சதுல, திரும்ப முன்னால வந்துது. ஓடெல் வழக்கம்போல ஒரு மூச்சு பொறுத்தான். அந்த மூச்சுலதான் பையன் வந்து சேந்தான்."

மார்ஷல் வந்து வெர்லினின் தோளில் கை வைத்தார். சட்டையில் மாவு ஒட்டியது.

"நீ நல்லவன், வெர்லின்" என்றார். "செத்தவன் பழிய உன் தலைல தூக்கிப் போட்டுக்கிற. அவன் பேரு சுவத்துல வரணும்னு சொல்ற. எனக்குப் புரியுது. வேண்டாம்பா. சாப்பிடு."

டட்லிகூடத் தலையாட்டினான். "நண்பன்னா இப்படி இருக்கணும்" என்று யாரோ சொன்னார்கள். வெர்லின் திரும்பி என்னைப் பார்த்தார். கிணற்றுக்குள் விழுந்தவன் மேலே பார்ப்பதுபோல இருந்தது அது. உண்மையைச் சொல்லியும் அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. இன்னும் இருக்கிற காலம் முழுக்க அந்த ஈரல் துண்டு தட்டில் வந்துகொண்டே இருக்கும்.

நான் எழுந்தேன்.

"அவர் சொல்றது நெசம், மார்ஷல். நான் கேட்டேன்."

"என்னத்தக் கேட்டீங்க, மிஸ் லோரீன்?"

"ரேடியோல. கிளியர்னு சொன்னதக் கேட்டேன். அதுக்கப்புறம் ஓடெல் சொன்னதையும் கேட்டேன்." அந்த வார்த்தைகளை அவர் சொன்ன அதே மாதிரி சொன்னேன். நீ ஒண்ணும் சொல்லல. கேக்குதா? நீ ஒண்ணுமே சொல்லல.

வெர்லினிடமிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. உலகத்தில் தன் காதுக்குள் மட்டுமே இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த குரல் அது.

மார்ஷல் கையை எடுத்தார். ரொம்ப நேரம் தன் உள்ளங்கையையே பார்த்தார்.

"பத்தொம்பது வருஷம்" என்றார். வெர்லினைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "ஓடெல் ஒரு தடவ என் வீட்டு வாசல்ல வந்து மழைல நின்னான். நான் துப்பாக்கிய எடுத்துக் காட்டினேன். அப்பவும் அவன் ஒண்ணும் சொல்லல." வெர்லினின் தட்டை எடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் இனிமே வராதீங்க."

நாங்கள் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். டட்லி தன் ஓட்டுச் சீட்டில் எதையோ அடித்துவிட்டு, தலையைக் குனிந்தபடி வேறு எழுதிக்கொண்டிருந்தான்.

வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தேன். யார் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. நாற்சந்தியில் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"உன் பக்கம் ஏதாவது வருதா?"

வெர்லின் தலையைத் தூக்கி வலது பக்கம் பார்த்தார்.

"வருது. நில்லு."

வெறும் ரோடு. அந்த மேடு வரைக்கும் ஒரு பூச்சிகூட இல்லை. பிரேக்கில் இருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவருடைய தலை வலமிருந்து இடமாக மெல்லத் திரும்பியது, எங்கள் முன்னால் ஒரு கார் கடந்து போவதுபோல. அது போய் மறையும் வரை பார்த்தார். பிறகு இன்னும் ஒரு மூச்சு பொறுத்தார்.

"கிளியர்" என்றார்.

நான் கழுத்தை நீட்டவில்லை. அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வண்டியை எடுத்தேன்.